என்.சி.சி.க்காகக் கல்லூரி தேடுகிறீர்களா? மகளைச் சேர்த்த அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் கடைசியில் ஒரு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பட்டாலியனில் பயிற்றுநராக இருந்தேன். அதனால் மகள் பிளஸ் டூ முடித்து, ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று சொன்னபோது, கல்லூரியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. திருச்சியில் அரசு உதவி பெறும் மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்த்தோம். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

குடியரசு தின அணிவகுப்புப் படங்களை வரவேற்பறையில் மாட்டாத கல்லூரியே இல்லை. அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்.சி.சி.யின் கடைசிப் படியான 'சி' சான்றிதழ் வரை போகிறார்கள்? இரண்டாம் ஆண்டு முடிவில் கிடைப்பது 'பி' சான்றிதழ். மூன்றாம் ஆண்டில் 'சி' தேர்வு எழுதி, குறைந்தது 'பி' கிரேடு வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதமும் வைத்திருந்தால், ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுத் திட்டத்தில், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லாமலேயே, எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. பெண்களுக்கான இடங்கள் ஒவ்வொரு முறையும் ஒற்றை இலக்கத்தில்தான் வருகின்றன. ஆகவே அரைகுறைப் பயிற்சி உதவாது.

இந்தக் கல்லூரியில் என்னைக் கவர்ந்தது அங்கே என்.சி.சி. அதிகாரியாக இருக்கும் பேராசிரியை. என் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல் பரேடு வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்றாம் ஆண்டு மாணவிகளின் பக்கத்திலும் வரிசை நிறைந்திருந்தது. வராதவர்களுக்குச் சிவப்பு மையில் குறி, பக்கத்திலேயே காரணம். எத்தனையோ பதிவேடுகளைப் பார்த்த கண் எனக்கு. ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியது எது, வாராவாரம் எழுதியது எது என்று தெரியும். பிறகு பொருள் அறையைத் திறந்து காட்டினார். பூட்ஸ்கள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. "உங்கள் பெண் வெயிலில் நிற்பாள் ஐயா, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்றாம் ஆண்டில் பாடம் அதிகம் என்று விலகிவிடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு விஷயம், முகாம். ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாள் நடக்கும். டெல்லி அணிவகுப்புக்குத் தேர்வானால் ஜனவரி மாதமே போய்விடும். தன்னாட்சிக் கல்லூரிகளில் அந்த நாட்களில் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்தால் என்ன செய்வார்கள்? நாங்கள் பார்த்த வேறொரு கல்லூரியில் "அது துறைத் தலைவர் விருப்பம்" என்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் முகாமைக் கைவிடுவார்கள். முகாம் போகாதவர் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. மகளின் கல்லூரியில் மறுதேர்வு உண்டு. முகாமிலிருந்து வந்த வாரத்திலேயே அவள் எழுதியிருக்கிறாள்.

குறையும் இருக்கிறது. எஸ்.எஸ்.பி.க்கென்று தனிப் பயிற்சி எதுவும் இல்லை. அந்த நேர்காணலின் முதல் நாளிலேயே ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசவைத்து வடிகட்டிவிடுவார்கள். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் அங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். சத்தமாகக் கட்டளை கொடுக்கத் தெரிந்த பெண், ஆங்கிலத்தில் குழுவில் பேசத் தயங்குகிறாள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், இதைக் கல்லூரியே சரிசெய்யலாம். எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஓர் ஆண்டு தவறினாலும் 'சி' சான்றிதழ் கைநழுவிவிடும். பொறியியல் மாணவர்களுக்கு நான்காம் ஆண்டு என்ற அவகாசமாவது உண்டு. அதனால் கலை, அறிவியல் பிரிவில் சேர்பவர்கள், சேர்க்கைக் கட்டணம் கட்டும் நாளிலேயே என்.சி.சி. அலுவலகத்துக்கும் போய், ஆள் எடுக்கும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.