2026 நாட்கலண்டர்: புதன்கிழமையில் ஒரு நாழிகைப் பிசகு

புறக்கோட்டைக் கடைகளில் தொங்கும் தமிழ் நாட்கலண்டர்களில் எது கொழும்புக்குக் கணித்தது, எது சென்னைத் தாளுக்கு அட்டை மட்டும் மாற்றியது என்று சாமி படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குமுன் ஜூன் 21ஆம் திகதித் தாளைப் புரட்டுங்கள். சூரிய உதயம் 5.54 அளவில் இருந்தால் கொழும்பு, 5.43 என்றால் சென்னை. வருடம் முழுக்க 6.00 என்றிருந்தால் யாரும் கணிக்கவே இல்லை.

கையில் உள்ள இந்தக் கலண்டர் உதயத்தில் தேறிவிடுகிறது. போயா (பௌர்ணமி விடுமுறை) சிவப்பில் இருக்கிறது. பொது, வங்கி, வர்த்தக விடுமுறைகளுக்குத் தனித்தனிக் குறி. சறுக்குவது ராகு காலத்தில்தான்.

'திருவிழாச் சந்தடியில்' என்று கிழமைகளின் முதலெழுத்தை வைத்து நாம் மனனம் செய்த ஒன்றரை மணிக் கட்டங்கள், பகல் என்றால் 6 முதல் 6 வரை என்று வைத்துப் போட்டவை. முறைப்படி உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிக்க வேண்டும். புதனுக்கு ஐந்தாம் பங்கு, அதாவது சூரியன் உச்சிக்கு வந்ததும் தொடங்கும். நமது மணிக்கூடு ஓடுவது கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டின் நேரத்தில். கொழும்போ 80 பாகைக்குச் சற்று மேற்கே. அதனாலேயே உச்சிப்பொழுது பத்து நிமிடம் பிந்தும். பெப்ரவரி நடுப்பகுதியில் சூரியனும் தன் பங்குக்கு இன்னொரு 14 நிமிடம் பிந்தும். ஆக, பெப்ரவரி 11 புதனன்று ராகு காலம் தொடங்குவது 12.24 கழிந்து, தாளில் 12.00. ஏறக்குறைய ஒரு நாழிகை! நவம்பர் 4 புதனன்று தலைகீழ், 11.54க்கே தொடங்கிவிடும். நேரம் பார்த்துக் கடை திறப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திதியை நாழிகையிலும் மணியிலும் தந்திருப்பது நல்லது. ஆனால் 'நா. 22.30' என்பதை இரவு 10.30 என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். நாழிகை 24 நிமிடம், உதயத்திலிருந்து எண்ணுவது; விநாழிகை 60 சேர்ந்தால் ஒரு நாழிகை. ஆகவே 22½ நாழிகை என்றால் ஒன்பது மணித்தியாலம். உதயம் 5.54 என்றால் பிற்பகல் 2.54க்குத் திதி முடிகிறது. திதி முடியும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், எனவே சென்னைத் தாளில் மணியில் போட்டிருந்தால் அப்படியே எடுக்கலாம். நாழிகையில் போட்டிருந்தால் சென்னை உதயத்தோடுதான் கூட்ட வேண்டும். (2006 ஏப்ரலுக்கு முந்திய பத்து வருடம் கொழும்பு மணிக்கூடு முந்தி ஓடியது: 1996 மே முதல் ஒக்டோபர் வரை ஒரு மணி, பிறகு அரை மணி. அப்போது பிறந்தவருக்குச் சாதகம் எழுதும்போது இதைக் கழிக்க மறக்காதீர்கள்.)

பெரிய குறை, பழைய வாக்கிய முறைப் பஞ்சாங்கமா, திருத்திய கணிப்பான திருக்கணிதமா என்று எங்கும் அச்சிடாதது. புத்தாண்டு பிறக்கும் நேரமே இரண்டிலும் வேறுபடும். விரதம் பிடிக்கும் வீட்டார் கோயிலில் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டுவிட்டு, அதைப் பெயர் சொல்லி அச்சிட்ட கலண்டரை வாங்கட்டும். விடுமுறை பார்க்க மட்டும் என்றால் இது போதும். தாளும் மூலை கிழியாமல் வருகிறது.