ஒரே ஆண்டு, இரு இசைத்தட்டுகள்: லெனர்ட் ஸ்கினர்டா, மார்ஷல் டக்கரா?

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு ராக் குழுக்கள் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டன. புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உருவான லெனர்ட் ஸ்கினர்டை ராக் கேட்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் உருவான மார்ஷல் டக்கர் பேண்டைச் சொன்னால், "யார் அந்த மார்ஷல் டக்கர்?" என்பார்கள். குழுவில் அப்படி யாருமே இல்லை. ஒத்திகை நடந்த கிடங்கின் சாவியில் இருந்த பெயர் அது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பார்வையற்ற ஒருவருடைய பெயர்.

ஸ்கினர்டின் பலம் கிடார். 'ஃப்ரீ பேர்ட்' மெல்லத் தொடங்கி, பிற்பாதியில் கரை உடைத்துப் பாய்கிறது. ஒன்பது நிமிடமும் போதாது என்று தோன்றும். எளிய மனிதர்களின் கதையைப் பாட்டாக்குவதில் ஸ்கினர்டின் பாடகர் ரோனி வான் ஸான்ட்டுக்கு இணையாக மார்ஷல் டக்கரில் யாரும் இல்லை. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் 'கேன்ட் யூ சீ' பாடலைக் கேளுங்கள். தொடக்கத்தில் கிடாரோடு ஜெர்ரி யூபேங்க்ஸின் புல்லாங்குழல் வருகிறது. தென்மாநில ராக்கில் அதை யார் எதிர்பார்த்தார்கள்? பாடலை எழுதிய டாய் கால்ட்வெல், வியட்நாம் போரில் காயமடைந்து திரும்பிய அமெரிக்க மரைன் படை வீரர். குழுவின் முதன்மைப் பாடகர் டக் கிரே என்றாலும், இந்தப் பாடலை டாய்தான் பாடினார். பழகாத அந்தக் கரகரப்பான குரலில் வலி நேராக வந்து சேர்கிறது. கிடார் கம்பிகளை அவர் மீட்டியது கட்டைவிரலால். அதனால் வேகமான இடங்களிலும் சுரங்கள் உருண்டையாக ஒலிக்கின்றன. பின்னணியில் பால் ரிடிலின் டிரம்ஸ் ஜாஸ் போல இலேசாக நடக்கிறது. ப்ளூஸ், கன்ட்ரி, ஜாஸ் என்று அமெரிக்கத் தென்மாநிலங்களின் இசை முழுவதும் ஒரே குழுவுக்குள் இருக்கிறது. என் தேர்வு மார்ஷல் டக்கர்தான்.

அந்தக் கலவையே அவர்களுக்குத் தடையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். கன்ட்ரி ரசிகருக்கு அது ராக், ராக் ரசிகருக்கு அது கன்ட்ரி. 1977இல் ஒரு பாடல் அமெரிக்கத் தரவரிசையில் 14ஆம் இடம் வரை சென்றது. 1980இல் கார் விபத்தில் டாயின் தம்பியும் பேஸ் கிடார் கலைஞருமான டாமி இறந்தார். அதன் பிறகு பழைய மிடுக்கு திரும்பவில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் முதல் தட்டை முடித்தவுடன் 1974இல் வந்த 'வேர் வீ ஆல் பிலாங்' இரட்டைத் தட்டுக்குப் போகலாம். அதில் ஒரு தட்டு முழுவதும் மேடைப் பதிவு. டாயின் கட்டைவிரல் அங்கேதான் கட்டவிழ்ந்து ஓடுகிறது.