த்ரில்லரின் முதல் ஐந்து நிமிடம்: கொலையா, பொட்டலமா, கிளைமாக்ஸா?

ஒரு ஒன்லைனை, அதாவது கதையின் சுருக்கத்தை, வைத்துக்கொண்டே பேசுவோம். சிற்றூர் ஒன்றின் கூட்டுறவு வங்கி. நகைக்கடன் பெட்டகத்தில் உள்ள சில பொட்டலங்களில் தங்கம் இல்லை, கவரிங்தான் இருக்கிறது. மாற்றி வைத்தவர் அங்கே நகை மதிப்பிடுபவர். ஒருநாள் அவர் கொல்லப்படுகிறார். இந்தக் கதைக்கு ஓப்பனிங் என்று கேட்டால், கதை விவாதத்தில் பெரும்பாலும் மூன்று யோசனைகள் மோதும்.

முதலாவது, கொலையிலேயே தொடங்குவது. இரண்டு நிமிடம், ஒரே இடம், ஓர் இரவு கால்ஷீட். செலவு குறைவு. ஆனால் கொலையாளியின் முகத்தை மறைத்தாக வேண்டும் என்பதால் கேமரா கையுறை, செருப்பு, நிழல் என்றே ஒதுங்கி ஒதுங்கிப் போகும். விழுந்தவர் யாரென்று தெரியாததால் பார்ப்பவருக்கு அதிர்ச்சி வரும், பதைப்பு வராது. 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ துப்பாக்கிச் சூட்டில்தான் தொடங்குகிறது. அங்கே அது எடுபடுகிறது. சுட்டது யார் என்ற ஒரே கேள்வியில், ஒவ்வொருவர் பார்வையாகப் படம் முழுவதும் நகர்வதே காரணம். நம் கதையின் கேள்வி வேறு: இந்த மோசடி எவ்வளவு நேரம் மறைந்திருக்கும்? அதனால் கொலையை முதலில் வைத்தால் கையில் இருக்கும் பெரிய திருப்பத்தை விலையில்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவதை இங்கேயே முடித்துவிடலாம். கிளைமாக்ஸின் ஒரு துண்டை முதலிலேயே காட்டிவிட்டு ‘இரண்டு நாட்களுக்கு முன்’ என்று கார்டு போடுவது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஸ்கிரிப்டைப் படித்துப் பாருங்கள். கதை எந்தக் குறையும் இல்லாமல் ஓடினால், முதல் பாதியின் தொய்வை மூடத்தான் அது வந்திருக்கிறது. இரண்டாம் முறை வரும்போது அதே ஷாட்டின் பொருள் மாற வேண்டும். மாறாவிட்டால் வேண்டாம்.

இரண்டாவதுதான் நம் கதைக்கு உரியது: பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது. 1958-இல் வந்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தில் வெடிகுண்டின் நேரத்தைத் திருகிக் காரின் டிக்கியில் வைப்பதில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் கட் இல்லாமல் கேமரா தெருவில் போகும். நமக்கு வெடிகுண்டு அந்தப் பொட்டலம்.

ஆடிட் நாள் காலை. ஆடிட்டர் ஒவ்வொரு பொட்டலமாக அரக்கு உடைத்து, எடை போட்டு, பேரேட்டில் டிக் அடிக்கிறார். எதிரே மதிப்பீட்டாளர் உரைகல்லோடு. கல்லில் விழும் கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு: தங்கமானால் கோடு நிற்கும், பித்தளையானால் கரைந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேல்பூச்சு தடிமனாக இருந்தால் கவரிங்கும் தங்கக் கோடுதான் போடும். ஓரத்தை அரத்தால் ராவிவிட்டு உரைத்தால்தான் உள்ளே இருக்கும் உலோகம் பிடிபடும். ஆக, ஆடிட்டர் அரத்தைக் கேட்கும் நொடிதான் காட்சியின் உச்சம்.

எடுக்கும்போது சறுக்குவது பெரும்பாலும் அடையாளத்தில். எந்தப் பொட்டலம் போலி என்பது முதல் 40 விநாடிக்குள் ஐயமில்லாமல் பதிய வேண்டும். எண்ணை நம்பாதீர்கள், யாருக்கும் நினைவில் நிற்காது. மற்றவற்றில் வெள்ளை நூல், இதில் மட்டும் சிவப்பு நூல் போதும். மாற்றும் கையை ஒரு இன்சர்ட் ஷாட்டில், அதாவது அதை மட்டும் நெருக்கத்தில் காட்டும் துண்டு ஷாட்டில், குறைந்தது மூன்று விநாடி வையுங்கள். அடுத்த சறுக்கல், சிவப்பு நூல் முதல் பொட்டலத்திலேயே வந்துவிடுவது. நான்கு பொட்டலங்கள் சரியாக முடியட்டும். வேலையின் தாளம் பிடிபட்ட பிறகு ஐந்தாவதாக வரட்டும். மூன்றாவது, மதிப்பீட்டாளருக்கு வியர்க்க வைப்பது. வியர்த்தால் ஆடிட்டர் முட்டாளாகிவிடுவார். மதிப்பீட்டாளரின் பேச்சு சற்றுக் கூடினால் போதும்.

காட்சியை மாட்டிக்கொள்வதில் முடிக்கக் கூடாது. அரம் மேசைக்கு வரும்போது மேலாளர் வந்து ஆடிட்டரைச் சாப்பிட அழைக்கட்டும். திறந்த பொட்டலம் மேசையிலேயே கிடக்கட்டும். மதிப்பீட்டாளர் சாவது ஸ்கிரிப்டின் பன்னிரண்டாம் பக்கத்தில். அதற்குள் அவர் தப்பிக்க வேண்டும் என்று பார்வையாளர் ஒருமுறையாவது விரும்பியிருப்பார், கொலை அப்போதுதான் வலிக்கும்.

முதல் எடிட்டை பின்னணி இசை இல்லாமல், தராசுத் தட்டும் மின்விசிறியும் மட்டும் கேட்கும்படி போட்டுப் பாருங்கள். பதற்றம் உருவாகவில்லையென்றால் இசையைக் கூட்ட வேண்டாம். அந்தச் சிவப்பு நூல் இன்சர்ட்டை மறுபடி எடுங்கள்.