அந்தமானில் கண்ணாடிப் படகு புக் பண்ணப் போறீங்களா? 11,600 ரூபாய் போன கதை

போர்ட் பிளேர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது முந்தாநாள், திங்கட்கிழமை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஸ்கூபா, ஸ்நார்க்கலிங் எதுவும் முடியாது. பவளப்பாறையைக் கண்ணால் பார்க்க அவருக்கு இருக்கும் ஒரே வழி, அடியில் கண்ணாடி பதித்த படகுதான். அதற்காகவே ஜாலி பாய் தீவைத் திட்டத்தில் சேர்த்தோம். வண்டூரிலிருந்து படகில் போக வேண்டும். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு என்பதால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது.

பஜார் பக்கம் ஒரு சின்ன டூர்ஸ் கடை. பெயர் வேண்டாம். வாசலில் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, "வாங்கக்கா, நம்ம ஊருங்களா?" என்று கடையில் இருந்தவர் வெளியே வந்தார். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களாம். அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, பசங்க கையப் பிடிச்சு உக்கார வைப்பாங்க. ஒரு மணி நேரம் மீனப் பாத்துக்கிட்டே இருக்கலாம்." அந்த "அம்மா"வில்தான் நான் விழுந்தேன். வேறு கடையில் விலை கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆளுக்கு 2,900, நான்கு பேருக்கு 11,600 ரூபாய். அங்கேயே ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பினேன். பெர்மிட்? "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா." ஒருவருடைய ஆதாரைக்கூடக் கேட்கவில்லை. ரசீது என்று வாட்ஸப்பில் வந்தது ஒரே வரி: "4 பேர் திங்கள் ஓகே".

திங்கள் காலை வண்டி வந்தது, ஆனால் வண்டூர் போகவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் படகுத்துறையில் இறக்கிவிட்டார்கள். போன் வந்தது. "அலை ஜாஸ்திக்கா, ஜாலி பாய் மூடிட்டாங்க. நார்த் பே அதைவிட சூப்பர்." எதிரே கடல் குளம் மாதிரி கிடந்தது.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் நார்த் பே மேல் எனக்குக் குறை இல்லை. பழைய 20 ரூபாய் நோட்டில் இருக்கும் காட்சி அந்தப் பக்கம்தான். ஆனால் நாங்கள் பணம் கட்டியது அதற்கா? அங்கே கண்ணாடிப் படகுக்குத் தனி டிக்கெட், எங்கள் சீட்டுக்குப் பத்தே நிமிடம் என்றார்கள். வெயிலில் வரிசையில் நின்று ஏறும்போது மணி இரண்டரை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் அது. வெயில் சாய்ந்துவிட்டால் கீழே என்ன தெரியும்?

கண்ணாடி முழுக்கக் கீறல், ஓரமெல்லாம் பாசி. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அழுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் உடைந்த பவளத் துண்டுகள். 2010-ல் கடல் சூடேறி அந்தமானில் பவளங்கள் வெளுத்துப்போனதைப் படித்திருக்கிறேன். எல்லா இடத்திலும் வண்ணம் இருக்காது என்று தெரியும். அதைச் சொல்லிவிட்டுக் காசு வாங்கியிருக்கலாமே! "கலர் கலரா இருக்கும்னியே?" என்று அம்மா கேட்டார். நான் என்ன சொல்ல?

ராத்திரி லாட்ஜ் தம்பி சொன்னார்: "திங்கட்கிழமை ஜாலி பாய் லீவாச்சே." வாராவாரம் லீவு! அலையும் இல்லை, ஒன்றும் இல்லை. பணம் வாங்கும்போதே அவருக்குத் தெரியும்.

போன் பண்ணினேன். "ஓனர்கிட்ட கேக்கறேன்." அப்புறம், "படகு போனீங்கல்ல, அப்புறம் எதுக்கு ரீஃபண்ட்?" அப்புறம் எடுக்கவே இல்லை. நேற்று கடைக்கே போனேன். ஒரு பையன் மட்டும் இருந்தான். "அண்ணன் ஹேவ்லாக் போயிருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாது." அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் வேறொரு குடும்பத்துப் பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன், எழுந்து போய்விட்டார்கள். என் 11,600 ரூபாய் வரவில்லை.

விரிவாக டிப்ஸ் எழுத நினைத்தேன், போர்டிங் கூப்பிடுகிறார்கள். பெர்மிட்டைக் கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஜாலி பாய் வருடம் முழுக்கத் திறந்திருக்காது, மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவுக்குத்தான் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் படகு எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்குங்கள், காலையிலேயே ஏறுங்கள். திங்கட்கிழமை ஜாலி பாய் என்று யாராவது சொன்னால், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.