வரி முடிவுச் சண்டை: ஓட்டோசிஆர்எல்எஃப்பா, கிட்அட்ரிபியூட்ஸா?

உப்புவெளில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் சிஸ்டம் செய்யுறம், நான் ஓர்ஸ்ஹில்ல விண்டோஸ்ல, தம்பி நிலாவெளில உபுண்டுல. போன கிழமை நான் ஒரு வரி தான் மாத்தி, கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கிற கிட்ல புஷ் பண்ணினன், "அண்ணா, முழு ஃபைலையும் திருப்பி எழுதினீங்களா?" எண்டு கோல் எடுக்கிறான். பழசையும் புதுசையும் ஒப்பிட்டுக் காட்டுற டிஃப் முழுக்க சிவப்பும் பச்சையும்.

பழைய தட்டச்சு மெஷின்ல ஒரு கைபிடியைத் தள்ளினா எழுதுற இடம் இடது ஓரத்துக்குத் திரும்பும், தாளும் ஒரு வரி மேல ஏறும் தானே, அந்த ரெண்டு வேலைக்கும் கம்ப்யூட்டர்ல வரி முடிவில ரெண்டு எழுத்து, சிஆர் எண்ட 13உம் எல்எஃப் எண்ட 10உம். விண்டோஸ் இண்டைக்கும் ரெண்டையும் (சிஆர்எல்எஃப்) போடும், லினக்ஸும் இப்பத்த மக்கும் 10 மட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா கிட்டுக்குத் தெரியும்.

முதல் வழி ஓட்டோசிஆர்எல்எஃப், கிட்ல இருக்கிற ஒரு செட்டிங். ட்ரூ எண்டா ரெப்போவுக்குள்ள (புரொஜெக்ட் ஃபைல் எல்லாத்தையும் கிட் சேத்து வைக்கிற இடம்) போகேக்க எல்எஃப், வெளிய வரேக்க சிஆர்எல்எஃப். இன்புட் எண்டா உள்ள போகேக்க மட்டும் மாத்தும். ஃபோல்ஸ் எண்டா கையே வைக்காது. விண்டோஸ்ல கிட் போடேக்க இந்த மூண்டையும் கேக்கும், நான் அவசரத்தில கடைசியைத் தட்டிட்டன், அது தான் இவ்வளவு கூத்தும். ஆனா ட்ரூ போட்டிருந்தாலும் தப்பியிருக்க மாட்டன், ஏனெண்டா ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை எழுதி வைக்கிற ஃபைல்) என்ட மெஷின்ல சிஆர்எல்எஃப்போட இறங்கும், அதை அப்பிடியே டொக்கர் இமேஜுக்குள்ள (லினக்ஸோட சேத்துக் கட்டின பொதி) கொப்பி பண்ணினா, லினக்ஸ் முதல் வரில பாஷ் எண்ட பேருக்குப் பின்னால ஒட்டியிருக்கிற அந்த 13ஐயும் பேரோட சேத்து வாசிச்சு, ஸ்கிரிப்டை ஓட்டுற இன்டர்பிரெட்டரைக் காணல்ல எண்டு கத்தும். எல்லாத்தையும் விட, இந்த செட்டிங் அவரவர் மெஷின்ல தான் கிடக்கும், ரெப்போவோட வராது. நாளைக்குப் புதுசா ஒரு பெடியன் வந்தா திரும்ப முதல்ல இருந்து.

ரெண்டாவது வழி கிட்அட்ரிபியூட்ஸ், ரெப்போவுக்குள்ளயே கொமிட் ஆகிற (பதிஞ்சு வைக்கிற) ஃபைல், குளோன் பண்ணுற (ரெப்போவைக் கொப்பி எடுக்கிற) எல்லாருக்கும் போகும். எல்லாத்துக்கும் டெக்ஸ்ட் ஓட்டோ (டெக்ஸ்ட் ஃபைலா எண்டு கிட் தானே பாத்துக்கொள்ளும்), எஸ்எச் (ஷெல் ஸ்கிரிப்ட்) ஃபைலுக்கு எல்எஃப், விண்டோஸ்ல ஓடுற பாட் ஃபைலுக்கு சிஆர்எல்எஃப், படங்களுக்கு பைனரி (தொடாத எண்டு அர்த்தம்), நாலு வரில முடிஞ்சுது. மெஷின்ல என்ன செட்டிங் இருந்தாலும் கிட் முதல்ல இதைத் தான் பாக்கும். என்ட வோட்டு இதுக்குத் தான்.

ஆனா ஒரு சிக்கல். ஏற்கெனவே சிஆர்எல்எஃப்போட உள்ள போன ஃபைலை டெக்ஸ்ட் ஓட்டோ தானா மாத்தாது. கிட் அட் கட்டளைல ரீநோர்மலைஸ் (வரி முடிவுகளைத் திரும்ப ஒழுங்காக்கிற) ஒப்ஷன் குடுத்து ஒருக்கா ஓடவிடோணும், 2018ல 2.16 வெர்ஷனோட வந்தது. அப்ப ஒரு பெரிய கொமிட் விழும், எந்த வரியை ஆர் கடைசியா மாத்தினது எண்டு காட்டுற பிளேம் பாத்தா எல்லா வரியும் உங்கட பேர்ல நிக்கும், செய்யாத குற்றத்துக்கெல்லாம் நீங்க தான் பொறுப்பு. 2.23ல இருந்து அந்த கொமிட்டைத் தாண்டிப் பாக்கச் சொல்லலாம், அந்த ஐடியை ஒரு ஃபைல்ல எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. எந்த ஃபைல் எப்பிடிக் கிடக்கு எண்டு பாக்க கிட் எல்எஸ்ஃபைல்ஸ் கட்டளைல இஓஎல் (வரி முடிவு) ஒப்ஷன் போதும்.

எடிட்டர்கொன்ஃபிக்கும் இருக்கு, எடிட்டர் சேவ் பண்ணேக்க எல்எஃப் போடச் சொல்லும், அவ்வளவு தான். கிட்டுக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது. துணைக்கு வைக்கலாம், தனிய நம்பேலாது. நோட்பேட்டே 2018ல இருந்து எல்எஃப்பை ஒழுங்கா வாசிக்குது, அதால விண்டோஸ்காரருக்கும் இனிச் சாட்டு இல்ல, என்னையும் சேத்துத் தான்.

தம்பி தனிய வேலை செய்யுற பிராஞ்ச் ஒண்டு இன்னும் திறந்து கிடக்கு. வெள்ளி பின்னேரம் அதை மேர்ஜ் பண்ணிட்டுத் தான் ரீநோர்மலைஸ், அதுவரைக்கும் அந்த ஃபைலைத் தொட வேண்டாம் எண்டு எனக்கு ஓடர்.