குளுக்கோமீட்டரோடு ஆறு வருடம்

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த வாரத்திலேயே, விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் வாங்கிவிட்டேன். ஆனால் முதல் ஒரு வருடம் அதை வைத்திருந்தேனே தவிர, அதனால் ஒரு பலனும் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பேன். 118, 124, 121. எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பார்த்தபோது 8.1 சதவீதம் வந்தது, அது அதிகம். "சாப்பிட்ட பிறகு எப்போதாவது பார்த்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார். பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து ஜோடியாகப் பார்க்கிறேன். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்த நேரத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது, இதில் பலர் தவறு செய்கிறார்கள். பார்த்தால், மதியம் 165 வரை போகும் சுகர், அதே அளவு சாப்பிட்டும் காலையில் 230ஐத் தாண்டியது. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுவதால் இன்சுலின் அந்த நேரத்தில் சரியாக வேலை செய்யாதாம். காலை உணவைக் குறைத்தேன், சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடந்தேன். 180க்குள் வந்தது. இதற்காகத் தினமும் ஏழு தடவை குத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வாரம் காலை உணவுக்கு, அடுத்த வாரம் இரவு உணவுக்கு என்று மாற்றிக்கொண்டால் போதும்.

ஒருநாள் 246 காட்டியது. நெஞ்சே அடைத்துப்போனது, கூடுதலாக ஒரு மாத்திரை போடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, கொஞ்சம் முன்னால் பழம் உரித்த கை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 138! விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு செய்த வேலை. ஈரக் கையும் கூடாது, ரத்தம் நீர்த்து அளவு குறைத்துக் காட்டும். தயவுசெய்து ஒரே ஒரு ரீடிங்கை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

மீட்டர் எவ்வளவு துல்லியம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றில் 95 ரீடிங்காவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் 150க்கும் 160க்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் கவலைப்படுவதில்லை.

குத்தும்போது விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி பாதிதான். ஊசியைப் புதிதாக மாற்றுங்கள், பழைய முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

என் மீட்டரில் எனக்கு இருக்கும் ஒரே குறை, பேட்டரி மாற்றினால் தேதியும் நேரமும் அழிந்துவிடும். மறுபடி சரியாக வைக்க மறந்து, ஒரு மாத ரீடிங் எதற்கும் உதவாமல் போனது. அதிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே "தூக்கம் இல்லை", "காய்ச்சல்", "நடந்தேன்" என்று ஒரு வார்த்தை.

அந்த நோட்டின் அருமை போன வருடம் தெரிந்தது. ஒரு மாலை கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்த்துவிட்டது. பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். 84 வந்த பிறகுதான் எழுந்தேன். அடுத்த முறை போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டினார். இரண்டு வாரத்தில் மூன்று தடவை தாழ்சர்க்கரை, மூன்றும் மாலை ஐந்து மணி வாக்கில், மூன்றும் மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்கள். நான் போடும் சர்க்கரை மாத்திரையான கிளிமெபிரைடு அளவைப் பாதியாக்கினார். அதற்கப்புறம் நோட்டில் எழுபதுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை.