ராஜ்தூத் 350: இரட்டை கார்ப்புடன் நீண்ட நாள் பழகியதில்

"ஆர்.டி.க்கு இப்ப புது கார்ப் ஜோடி மலிவா வருதே, பழைய மிக்குனியைக் கழற்றிப் போட்டுடலாமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஆர்.டி. என்றால் யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவமான இந்த ராஜ்தூத் 350, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிக்குனி கார்ப் (கார்புரேட்டர்) இதில் உண்டு. வேண்டாம். அந்த வி.எம்.28 மாடல் ஜோடியில் தேய்வது ஸ்லைடு (முறுக்கினால் மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் துண்டு), அதில் தொங்கும் நீடில், அந்த ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெட் மூன்றும்தான். உடம்பில் வெடிப்போ, மற்ற பாகத்தோடு சேரும் முகத்தில் வளைவோ இல்லையென்றால் அது இன்னும் பல வருடம் உழைக்கும். அந்த முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் இடைவெளி தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வண்டி பொறுமையைச் சோதிக்கும். இரண்டு கார்ப்பும் ஒரே நேரத்தில் திறக்காது. இன்று ஒன்றாக வைத்தால் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி விலகியிருக்கும். குற்றம் கார்ப்பில் இல்லை, கேபிளில். கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள், டேங்குக்கு அடியில் ஒரு ஜங்ஷனில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்ப்புக்கு, ஒன்று இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்புக்கு. அந்த ஜங்ஷனுக்குள் நகரும் சிறு துண்டு தேய்ந்து சாய்ந்துவிட்டால் ஒரு பக்கம் முன்னதாக இழுக்கும். கார்ப்புக்குப் போகும் கிளை ஒன்றின் உறை முனை உட்கார்ந்துவிட்டாலும் அதே கதைதான். சந்தையில் கிடைக்கும் மாற்றுக் கேபிள் பலவற்றில் இரண்டு கிளைகளின் நீளமே சமமாக இருப்பதில்லை. வாங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

இது ஏன் பெரிய தொல்லை என்றால், முழு முறுக்கில் தெரியவே தெரியாது. மெக்கானிக் ஸ்டாண்டில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கி "சூப்பரா இருக்கு" என்பார். வித்தியாசம் வாழ்வது எட்டில் ஒரு பங்கு முதல் கால் திறப்பு வரையில்தான். அங்கே ஸ்லைடின் கீழ்விளிம்பில் உள்ள வெட்டுதான் கலவையைத் தீர்மானிக்கிறது. அரை மில்லிமீட்டர் முன்பின் போனாலே ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது சும்மா உடன் சுற்றும். ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த வெட்டி வெட்டிய ஓட்டத்துக்குக் கிளட்சைச் சந்தேகப்பட்டு காசைக் கரைத்தவர்கள் ஏராளம்.

சரிபார்க்க வேக்குவம் கேஜ் தேவையில்லை. இன்ஜின் நிற்கட்டும். ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி, இரண்டு கார்ப் வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டு ஸ்லைடின் விளிம்பில் நகம் படும்படி வையுங்கள். வேறொருவர் ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திருப்பட்டும். இரண்டு நகமும் ஒரே கணத்தில் நெம்பப்பட வேண்டும். கண்ணுக்குத் தப்பும் வித்தியாசத்தை நகம் சொல்லிவிடும். விலகல் இருந்தால் கார்ப் மூடி மேல் உள்ள கேபிள் அட்ஜஸ்டரில் திருத்துங்கள். இரண்டிலும் சுமார் 1 மி.மீ. தளர்வு மிச்சம் இருக்கட்டும். அதற்கு முன் ஐடில் ஸ்க்ரூ இரண்டையும் சமமாக வைக்க வேண்டும். ஒரே அளவு டிரில் பிட் ஒன்றை, 2 மி.மீ. போதும், ஸ்லைடுக்குக் கீழே செருகி அது லேசாக உரசி வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடவலமாக முழுக்கத் திருப்புங்கள். ஐடில் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, வழியை மாற்றுங்கள்.

கார்ப்பில் கை வைக்கும் முன் முடித்திருக்க வேண்டிய வேலை இரண்டு. முதலாவது பாயின்ட், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் காண்டாக்ட். இடது, வலது என்று தனித்தனி. இடைவெளி 0.35 மி.மீ. வைத்த பிறகு டயல் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டருக்கும் டைமிங் பாருங்கள். அடுத்தது கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராங்க் சீல். இடது பக்கச் சீல் காற்று வாங்கினால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து அந்தப் பிளக் வெளுக்கும், முறுக்கை விட்டும் ஐடில் உடனே இறங்காது. வலது பக்கம் கிளட்ச் அறை. அங்கே சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும், அந்த சைலன்சர் விடாமல் புகை கக்கும், பிளக் கருத்து நனையும். இந்த இரண்டையும் ஜெட் மாற்றிச் சரிசெய்யப் போவது வீண் வேலை, இடது பக்கத்தில் பிஸ்டனுக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் இன்ஜின் துவாரங்களை அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி நிற்கிறதா பாருங்கள்.

ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, ஆகவே உள்ளே போனால் ரிச் (பெட்ரோல் பங்கு கூடும்), வெளியே வந்தால் லீன் (குறையும்). நன்றாகச் சூடான இன்ஜினில் ஒரு பக்கப் பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு பிளக் மாட்டி இன்ஜின் உடம்பில் படவைத்துவிட்டு, மற்ற சிலிண்டரில் மட்டும் ஓட்டுங்கள். கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் அதிகபட்சம் ஏறும் இடத்தைப் பிடியுங்கள். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் திறந்தால்தான் சரியாகிறது என்றால் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் பெரிது. அரைச் சுற்றுக்குள் மூட வேண்டியிருந்தால் சிறிது, அல்லது அடைத்திருக்கிறது.

அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள்! பித்தளை மென்மையானது, ஒரே குத்தில் துவாரம் பெரிதாகும், அப்புறம் ஜெட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தமில்லை. கார்ப் கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபின் இந்த வேலை அடிக்கடி வருகிறது. நிறுத்தி வைத்த வண்டியில் ஈரத்தை இழுத்து, கார்ப்பின் பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் படிவம் விடுகிறது. முதலில் மூச்சு முட்டுவது பைலட் ஜெட். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். கலவையும் கொஞ்சம் லீன் ஆகும். பிளக் வெளுத்துக் காட்டினால் நீடில் க்ளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், நீடில் மேலேறி ரிச் ஆகும். முழு முறுக்கில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டுக்கு அடுத்தவர் வண்டியின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். எச்.டி. (ஹை டார்க்) வண்டி 30.5 குதிரைத்திறன், எல்.டி. (லோ டார்க்) 27, இரண்டுக்கும் சைலன்சரே வேறு.

கேபிளைத் தொட்ட பிறகு ஆயில் பம்பின் குறியையும் பார்த்தே ஆக வேண்டும். அதை மறந்து ஆயில் பற்றாமல் போனவர்களின் பிஸ்டன்கள் லேத் பட்டறைகளில் கிடக்கின்றன.

இவ்வளவும் ஒத்துவந்த நாளில், நான்காயிரம் ஆர்.பி.எம். தாண்டியதும் இரண்டு சைலன்சரும் ஒரே குரலாகி வண்டி முன்னே பாயும் அந்த இழுப்புக்கு ஈடாக, 1983 முதல் 1989 வரை இங்கே செய்த எந்த வண்டியையும் என்னால் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், தினமும் ஆபீஸ் போக ஒன்று வாங்கலாமா என்பவருக்கு என் பதில், வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர், கிளை நீளம் சரியான கேபிள் கண்ணில் பட்டால் இரண்டாக வாங்கி ஒன்றை எண்ணெய் தடவிச் சுருட்டி வையுங்கள். கார்ப்பை விற்காதீர்கள்.